பள்ளிக் குடிநீர்: போர்வெல் போட்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது

கிராமப் பள்ளிக்கு உதவ வரும் தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "போர் போட்டுத் தரட்டுமா?" என்பதுதான். நல்ல கேள்விதான். வயிற்றுப்போக்கில் படுத்த பிள்ளை பாடத்துக்கு வராது. ஆனால் தண்ணீரைச் சோதிக்காமல் போட்ட போர், புதிய நோயையும் கொண்டுவரலாம்.

வங்கதேசத்தில் அப்படித்தான் ஆனது. குளத்து நீரால் பரவிய நோய்களைத் தடுக்க 1970களில் யுனிசெஃப் துணையோடு ஏராளமான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நச்சு இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. அது நாக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் மோட்டார் இறக்குவதற்கு முன்பே ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் ஆர்செனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளூரைடு 1.5, நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கிருமிச் சோதனைக்கான மாதிரியைக் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள். கோடையில் சுத்தமாக இருந்த கிணறு மழைக்குப் பிறகு அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்தது குளோரின். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். 1,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட 2 கிராம் குளோரின் தேவை, அதாவது சுமார் 6 கிராம் பவுடர். மூட்டையைத் திறந்து ஈரமான மூலையில் போட்டுவைத்தால் சத்து இறங்கிக்கொண்டே வரும். அது 20 சதவீதமாகிவிட்டால் 10 கிராம் போட்டால்தான் அதே பலன். "தொட்டிக்கு ஒரு ஸ்பூன்" என்று சுவரில் எழுதிவைப்பது இதனால்தான் வேலைக்கு ஆகாது.

முதலில் தொட்டியின் அடிச்சேற்றைக் கழுவி வெளியேற்றுங்கள். பவுடரை பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாக்கி, பிறகு நீர் சேர்த்துக் கலக்கித் தெளிய விடுங்கள். தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் கடைசிக் குழாயில் நீர் பிடித்து, டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை, குடிப்பதற்கல்ல) போட்டு நிறம் பாருங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருந்தால் சரி. இளஞ்சிவப்பே வரவில்லை என்றால் பவுடர் பழசு, அல்லது நீர் கலங்கல், அல்லது நீரில் இரும்பு அதிகம். கலங்கல் நீரில் பவுடரைக் கூட்டிக்கொண்டே போவது வீண். முதலில் தெளிய வைக்க வேண்டும் அல்லது வடிகட்ட வேண்டும்.

வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளித்ததும் மருந்தை யாராவது பாதியாகக் குறைத்துவிடுவார்கள். இது எங்கும் நடப்பதுதான். பள்ளி திறப்பதற்கு முந்தைய மாலையில் மருந்து கலந்தால் காலைக்குள் வாடை தணியும், ஆனால் குழாயில் 0.2க்குக் கீழே போய்விடவில்லையா என்று காலையிலும் பார்க்க வேண்டும். பவுடரோடு ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

தண்ணீர் சரியானாலும் கழிப்பறை இல்லாவிட்டால் குடற்புழு திரும்ப வரும். 25 மாணவிகளுக்கு ஒன்று, 50 மாணவர்களுக்கு ஒன்றோடு சிறுநீர் கழிக்கும் இடம் என்பது சர்வதேச அளவு. பெண்கள் கழிப்பறையில் உள்தாழ்ப்பாளும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் தண்ணீரும் இல்லையென்றால், கட்டடம் இருந்தும் மாதவிடாய் நாட்களில் வருகைப் பதிவேடு காலியாகத்தான் இருக்கும். குடற்புழுவை நீக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைச் சின்னக் குழந்தைகளுக்குப் பொடித்தே தர வேண்டும், அழும் பிள்ளையின் வாயில் திணித்தால் மூச்சுக்குழாயில் சிக்கும். 1 வயது முடிந்து 2 வயது ஆகாத குழந்தைக்குப் பாதி மாத்திரைதான்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை இவ்வளவே: பவுடரும் சோப்பும் வாங்கும் பணம் எதிலிருந்து வரும், பம்பு வாஷர் தேய்ந்தால் மாற்றத் தெரிந்தவர் ஊரில் யார், குளோரின் அளவை எந்தப் பதிவேட்டில் யார் குறிப்பார். டிபிடி மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.