தத்ரீஸ்: சொல்லும் தையலும்

தத்ரீஸ் என்பது துணியில் ஊசியாலும் நூலாலும் உருக்களை அமைக்கும் வேலையைக் குறிக்கும் அரபுத் தொழிற்பெயர். அரபு மொழியில் எந்நாட்டுப் பூவேலைக்கும் இச்சொல் பொதுவாக வழங்கும். அரபுலகுக்கு வெளியிலோ, பாலஸ்தீனப் பெண்கள் ‘தோப்’ எனப்படும் நீண்ட அங்கியில் செய்யும் பூவேலைக்கே உரிய பெயராக அது நிலைத்துவிட்டது.

‘தர்ரஸ’ என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு நெருங்கிய உறவுச் சொல் ‘திராஸ்’. இதன் மூலம் பாரசீகம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. உமையா, அப்பாசிய, பாத்திமிய ஆட்சிக் காலங்களில் கலீபாவின் பெயர் பொறித்த ஆடைக்கரையும், அதனை உருவாக்கிய அரண்மனைப் பட்டறையும் திராஸ் என்றே அழைக்கப்பட்டன. அந்த ஆடை, நாட்டை ஆள்பவர் யார் என்பதை அறிவித்தது. பாலஸ்தீனச் சிற்றூர்ப் பெண்களின் அங்கி அறிவித்ததோ அணிந்தவளின் ஊரை. வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டுநூல் ராமல்லாவுக்கு அடையாளம். சரிகைக் கயிறுகளைத் துணிமேல் கிடத்தி மெல்லிய நூலால் பிணைக்கும் ‘தஹ்ரீரி’ பெத்லகேமின் பெருமை. நகப் பாலைநிலத்துப் பெதூயின் பெண்களிடையே நீல நூல் மணமாகாதவளையும் சிவப்பு நூல் மணமானவளையும் குறித்தது. சைப்ரஸ் மரம், நிலவு, தாயத்து, ‘பாஷாவின் கூடாரம்’ எனப் பெயர் பெற்ற உருக்களைத் தாய் தைக்கப் பார்த்தே மகள் கற்றாள்.

1948இல் 400க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாக்கப்பட்டு மக்கள் அகதிகளானபோது இப்பொருள் மாறியது. பல ஊர்ப் பெண்கள் ஒரே முகாமில் வாழ நேர்ந்ததால் உருக்களும் நிறங்களும் கலந்தன. ஊரைச் சொன்ன அங்கி நாட்டைச் சொல்லத் தொடங்கியது. இக்கலப்பைத் தூய்மைக்கேடு என்று வருந்துவோர் உண்டு. பட்டுநூலின் இடத்தை ஐரோப்பியப் பருத்திநூல் முன்பே பிடித்துவிட்ட ஒரு கலையில் அவ்வருத்தம் முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளில் பாலஸ்தீனக் கொடியைக் காட்டுவதற்குத் தடை இருந்த நிலையில், 1987இல் தொடங்கிய ‘முதல் இன்திபாதா’ என்னும் மக்கள் எழுச்சியின்போது பெண்கள் கொடியையும் நாட்டின் வரைபடத்தையும் தம் அங்கியிலேயே தைத்து அணிந்தனர். பாலஸ்தீனப் பூத்தையற்கலையை யுனெஸ்கோ 2021இல் மானுடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிந்தேற்பு அங்கிகளுக்கு மட்டும் உரியதன்று. தைக்கும் திறனுக்கும் அதைச் சூழ்ந்த வழக்கங்களுக்கும் உரியது.

தமிழில் இதனைப் ‘பின்னல் வேலை’ என்று எழுதுவது பிழை. பின்னலில் நூலே துணியாகிறது, இங்கோ நெய்து முடிந்த துணியின்மேல் நூல் ஏறுகிறது. ‘சித்திரத்தையல்’ அழகிய சொல்தான். ஆயினும் துணியில் படம் வரைந்துகொண்டு அதன்மேல் தைப்பது போன்ற எண்ணத்தை அது தருகிறது. ‘பல்லாஹி’, அதாவது உழவர் தையல், எனப்படும் தத்ரீஸின் முதன்மைத் தையலில் வரைதலுக்கு இடமில்லை. துணியின் ஊடும் பாவுமான இழைகளை எண்ணி, ஒன்றையொன்று வெட்டும் இரு சாய்கோடுகளாக ஒவ்வொரு தையலும் இடப்படுகிறது. ‘பூப்போட்ட சேலை’ என்னும்போது பூ என்பது மலரை மட்டுமன்றித் துணியில் அமைந்த எவ்வுருவையும் சுட்டுவதால், ‘பூத்தையல்’ என்பதே பொருத்தமான பொதுச்சொல். பல்லாஹித் தையலைத் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் ‘இழையெண்ணும் குறுக்குத் தையல்’ எனலாம். பாலஸ்தீன மரபைக் குறிக்கையில் ‘தத்ரீஸ்’ என்று அப்படியே எழுதி, முதல் முறை மட்டும் ‘பாலஸ்தீனப் பூத்தையல்’ என விளக்கினால் போதும். ‘தத்ரீஸ் எம்பிராய்டரி’ என எழுதுவது கூறியது கூறலாகும்.