ஓடுகிற பழைய மோட்டாரில்தான் கவனம் வேண்டும்

"மோட்டார் நல்லா ஓடுதுண்ணே, தூக்கிப்போட மனசு வரல." தையல் பவர் மிஷினுக்கு, மிதித்தால் மட்டும் ஓடும் செர்வோ மோட்டார் மாட்டியவர்கள், கழற்றி வைத்த பழைய கிளட்ச் மோட்டாரை (சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருப்பது) காட்டி என்னிடம் சொல்வது இதுதான். மோட்டார் ரிப்பேரே தொழிலாக இருக்கும் எனக்கு, ஓடாத மோட்டாரைப் பார்த்துப் பயமில்லை. ஓடிக்கொண்டே பாடியில் கரண்ட் கசியும் மோட்டாரைத்தான் பயந்து பயந்து தொடுவேன்.

பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து கம்பளி மாதிரி வைண்டிங் மேல், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் காயில் மேல், அப்பியிருக்கும். காற்றோட்டம் இல்லாமல் காயில் சூடேறிச் சூடேறி, கம்பிக்குக் காப்பாக இருக்கும் வார்னிஷ் கருகிப் பொரிப்பொரியாக உதிர்ந்திருக்கும். அந்த மோட்டாரும் சுவிட்சைப் போட்டதும் ஜம்மென்று சுற்றும். கரண்ட் கசிவைக் காட்டும் மெகர் மீட்டரில் 500 வோல்ட் கொடுத்து, காயிலுக்கும் பாடிக்கும் நடுவே அளந்தால்தான் வண்டவாளம் தெரியும். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் சுத்தம் செய்து, உலரவைத்து மறுபடி அளப்பேன். அப்போதும் ஏறாவிட்டால் ரீவைண்டிங் செய்ய வேண்டும், அதாவது புதுக் கம்பி சுற்ற வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட வேண்டும். எர்த் வயர் அறுந்திருந்தால், அதை மாட்டாமல் பிளக்கில் சொருகவே கூடாது.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு மட்டும் நின்றால், உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் கரண்டைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர் போயிருக்கும், இல்லாவிட்டால் பேரிங் இறுகியிருக்கும். இரண்டும் சின்னச் செலவு. புது கண்டன்சர் அதே மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும், வோல்ட் குறையக் கூடாது. பழையதைத் தொடுவதற்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர் கோர்த்த ஒரு குண்டு பல்பை அதன் இரு முனையிலும் சில விநாடி வைத்து எடுங்கள். கரண்ட் இல்லாதபோதும் அது ஷாக் அடிக்கும். அதை வெட்டித் திறக்கவே வேண்டாம். மிகப் பழைய சிலவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கும். 2001-இன் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் ஒழிக்கச் சொன்ன பொருட்களில் அதுவும் ஒன்று.

ஒருவர் தன் பழைய மோட்டாரில் சாணைக்கல் மாட்டிக்கொண்டு வந்தார். கல்லுக்குக் கவசம் இல்லை. எர்த் வயரை நறுக்கியிருந்தார். மோட்டார் சுற்றும் திசையும் மாறியிருந்தது. அந்தத் திசையில் கல்லைப் பிடிக்கும் நட்டு தானாகவே தளரும். நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் போகும் மோட்டார் அது, கல் உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். நான் கல்லைக் கழற்றித் தந்தேன், மோட்டாரைச் சரிசெய்து தர மறுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

நல்ல நிலையில் உள்ள மோட்டாருக்குச் சரியான இடம் இன்னொரு தையல் மிஷின்தான். வேகம் அதிகமாகத் தெரிந்தால் மோட்டார் பக்கத்துப் புல்லியைச் சிறிதாக்குங்கள். 2850 சுற்று மோட்டாரில் 50 மி.மீ. புல்லியும் மிஷினில் 75 மி.மீ. புல்லியும் இருந்தால், மிஷின் 1900 சுற்றுக்கு இறங்கிவிடும். செர்வோ மிதித்தால் மட்டும் ஓடும். கிளட்ச் மோட்டாரோ துணியை மடித்து வைக்கிற நேரமெல்லாம் சும்மா சுற்றிக் கரண்ட் தின்னும். ஆகவே நாள் முழுக்கத் தைப்பவருக்குக் கொடுக்காதீர்கள், எப்போதாவது தைப்பவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்: சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கால் மிதியில் பட்டால் ஊசி விரலில் இறங்கும். நான் அணைத்ததும் மிதியை அழுத்தி, சக்கரம் முழுக்க நிற்கும்வரை தைக்கவிட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பேன்.

தேறாத மோட்டாரைச் செம்புக்காக எரிக்காதீர்கள். வார்னிஷும் வயரின் பிளாஸ்டிக்கும் எரிந்த புகையில் டையாக்ஸின் என்ற நச்சு வரும். எரிப்பவரும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும்தான் அதைச் சுவாசிப்பார்கள். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் முழுதாகவே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் வயரை அடியோடு நறுக்கி, பாடியில் பெயிண்டால் 'கரண்ட் கசியும்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அங்கிருந்தும் அதை யாராவது வாங்கிப்போய் பிளக்கில் சொருகக்கூடும்.