கரண்ட் போனால் பிடிக்கும் பிரேக்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. போன வருடம் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் சோமேஸ்வரர் கோயில், சாயங்காலம் காய்கறிக் கடை என்று அம்மா சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பேஸ்மென்ட்டிலிருந்து வெளியே வரும் சரிவில் பாதி தூரம் ஏறியதும் வண்டி அணைந்துவிட்டது. ஆணி அடித்த மாதிரி அங்கேயே நின்றது, ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. செக்யூரிட்டி ஓடி வந்து தள்ளிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. பின்பக்கம் ஒரு மஞ்சள் லிவர் கண்ணில் பட, அதை இழுத்திருக்கிறார். அடுத்த நொடி அம்மாவோடு சேர்ந்து வண்டி பின்னோக்கி ஓடி, கீழே நின்ற கார் டயரில் முட்டி நின்றது.

"காயம் ஒன்றும் இல்லை, பயம்தான். ஆனால் இரண்டு சந்தேகம். பேட்டரி செத்த வண்டிக்கு பிரேக் பிடிக்க சக்தி எங்கிருந்து வந்தது? இன்னொன்று, வண்டி வேகமாக உருண்டபோது நடுவில் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது என்று அம்மா சொல்கிறார். முருகன்தான் பிடித்தான் என்கிறார். உண்மையில் என்ன நடந்தது?"

இப்படிக் கேள்வி கேட்பவர்களுக்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தெரிந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். பின் அச்சில் ஒரு டிசி மோட்டார், கூடவே கியர் பெட்டி. கைப்பிடியில் விரலால் அழுத்தும் ஒரு சின்ன லிவர். அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கன்ட்ரோலர் என்கிற மின்னணுப் பெட்டி பார்த்து, மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதிக நேரம் திறந்தால் வேகம், குறைந்த நேரம் திறந்தால் மெதுவு. அவ்வளவுதான். பழைய பேட்டரி, செங்குத்தான சரிவு, இரண்டும் சேர்ந்தால் மோட்டார் கரண்ட்டை அள்ளி இழுக்கும், வோல்டேஜ் படுத்துவிடும், கன்ட்ரோலர் 'போதும்' என்று அணைந்துவிடும். அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

இனி பிரேக்குக்கு வருவோம். சைக்கிளில் நாம் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும், காரிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் இந்த வண்டியையும் பார்ப்பதால்தான் குழப்பம். இங்கே பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கிறது. கரண்ட் செலவாவது அதை விடுவிப்பதற்கு.

மோட்டாரின் பின்முனையில், ஷூ பாலிஷ் டப்பா அளவில் ஒரு வட்டமான பொருள் இருக்கும். எஸ்.பி. ரோட்டில் பழைய மோட்டார் விற்கும் கடையொன்றில் கெஞ்சி வாங்கி, மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே மோட்டார் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு வட்டு, இரண்டு பக்கமும் பிரேக் லைனிங். அதன் மேல் ஒரு இரும்புத் தகடு. தகட்டுக்குப் பின்னால் பால்பாயின்ட் பேனாவில் இருப்பதைவிடக் குட்டையான, ஆனால் விரலால் அமுக்க முடியாத அளவுக்கு முரட்டு ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங் தகட்டைத் தள்ளுகிறது, தகடு வட்டை அழுத்துகிறது, மோட்டார் தண்டு சுற்ற முடியாமல் நிற்கிறது. இதற்கு பேட்டரி எதற்கு?

டப்பாவின் மீதிப் பகுதி செம்புக் கம்பிச் சுருள். விரலால் லிவரைத் தொட்டதும் கன்ட்ரோலர் இந்தச் சுருளுக்கு கரண்ட் அனுப்புகிறது. சுருள் காந்தமாகி, ஸ்பிரிங்கை மீறித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. வட்டு விடுபடுகிறது. கிளம்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது தகடு காந்தத்தில் போய் ஒட்டும் சத்தம். நின்ற பிறகு சற்றுத் தாமதமாக இன்னொரு 'டக்', தகடு திரும்பி வட்டில் உட்காரும் சத்தம். பேட்டரி தீர்ந்தாலும், ஒயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், சாவியைப் பிடுங்கினாலும் முடிவு ஒன்றே. காந்தம் சாகும், ஸ்பிரிங் ஜெயிக்கும்.

இந்த ஏற்பாட்டில் நான் மயங்குகிற இடம் இன்னொன்று. தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு. இடைவெளி இரண்டு மடங்கானால் காந்தத்தின் இழுவை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிவிடும். லைனிங் தேயத் தேய அந்த இடைவெளி கூடுகிறது. ஒரு கட்டத்தில் காந்தத்தால் தகட்டை எட்டி இழுக்க முடியாமல் போகும். அப்போது என்ன ஆகும்? பிரேக் விடவே விடாது, வண்டி கிளம்பவே கிளம்பாது. மற்ற வண்டிகளில் பிரேக் தேய்ந்தால் நிற்காது, இதில் தேய்ந்தால் ஓடாது! இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கும் எனக்கு.

யோசனை பழசுதான். ரயிலில் சங்கிலியை இழுத்தால் பிரேக் பிடிக்கிறதே, அங்கே சங்கிலி எதையும் அழுத்துவதில்லை, பிரேக் குழாயிலிருக்கும் காற்றை வெளியே விடுகிறது. அந்தக் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் போனால் பிடித்துக்கொள்ளும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பெட்டிகள் நடுவில் பிய்த்துக்கொண்டு போனாலும் இரண்டு பாதியும் தானாக நிற்கும்.

சரி, ஷூ பாலிஷ் டப்பா எப்படி ஒரு ஆளோடு சேர்த்து வண்டியையே சரிவில் நிறுத்துகிறது? ஒரு கணக்கு. அம்மா 70 கிலோ, வண்டி 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 அடி போனால் ஒரு அடி உயரும் சரிவில் அந்த 120 கிலோ பின்னால் இழுப்பது சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசை. 12 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது சுமார் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஆனால் பிரேக் இருப்பது கியருக்கு முன்னால், மோட்டார் தண்டில். மோட்டார் 20 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்றால், பிரேக் தாங்க வேண்டியது 0.6 நியூட்டன் மீட்டர்தான். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திறக்க இதைவிட அதிக பலம் வேண்டும்.

இப்போது அந்த மஞ்சள் லிவர். ஃப்ரீவீல் லிவர் என்பார்கள். நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வசதியாக, காந்தத்தின் வேலையைக் கையால் செய்வதற்கு அது. தகட்டை நெம்பி விலக்கிவிடும். அந்த நொடியில் வண்டிக்கு பிரேக் என்று ஒன்று இல்லை. சமதளத்தில், ஆள் இறங்கிய பிறகு மட்டும் தொட வேண்டிய லிவர் அது. செக்யூரிட்டியைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை. சரிவில் நின்றுவிட்டால் முதலில் சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கல், அப்புறம் கைத்தாங்கலாக அம்மாவை இறக்குவது, லிவர் அதற்கும் பிறகு. அப்போதும் ஒருவர் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கவே கூடாது.

இரண்டாவது சந்தேகம், முருகன். பழைய பொம்மைக் கார் மோட்டார் ஒன்று கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். தண்டை விரலால் சுற்றுங்கள், லேசாகச் சுற்றும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைத்துவிட்டுச் சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல விரல் இழுபடும். காந்தப்புலத்தில் சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-ல் காட்டினார். அப்படிப் பிறந்த மின்சாரம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும் என்று 1834-ல் லென்ஸ் சொன்னார். பள்ளியில் மனப்பாடம் செய்த லென்ஸ் விதி விரல் நுனியில் உறைக்கிற இடம் இது. ஓட்டும்போது விரலை எடுத்ததும் வண்டி மெதுவாவதும் இதே வித்தைதான். அதனால்தான் அந்த லைனிங் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. ஓடும் வண்டியை மோட்டாரே நிறுத்துகிறது, ஸ்பிரிங் பிரேக் நின்ற வண்டியைப் பிடித்து வைக்கிறது.

சில மாடல்களில் இதையே ஒரு காவலாகவும் வைத்திருக்கிறார்கள். ஃப்ரீவீலில் வண்டி மிக வேகமாக உருண்டால், சுழலும் மோட்டாரே ஜெனரேட்டராகி கன்ட்ரோலரை எழுப்பிவிடும். எழுந்த கன்ட்ரோலர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். பொம்மை மோட்டாரில் நாம் ஒயரை முறுக்கினோமே, அதேதான். பேட்டரி செத்திருந்தாலும் இது நடக்கும். அம்மாவைப் பின்னாலிருந்து இழுத்தது அநேகமாக இதுதான். முருகன் லென்ஸ் வடிவில் வந்தான் என்று அம்மா சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்துக்குச் சண்டை போடுவேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் பெங்களூர்த் தெருக்களைப் பார்த்திருப்பீர்கள், மூலைக்கு மூலை உடைத்த பூசணிக்காய். இருசக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவது தெரிந்த கதை. இந்த ஸ்கூட்டருக்கு இன்னொரு வம்பும் உண்டு. பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கர ஏற்பாடு இருக்கிறது, திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிகம் சுற்றுவதற்காக. மோட்டார் தண்டை பிரேக் இறுக்கிப் பிடித்திருந்தாலும், ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்ற டிஃபரன்ஷியல் அனுமதிக்கும். சரிவில் ஒரு சக்கரம் மட்டும் பூசணிச் சதையிலோ ஈர இலையிலோ ஏறி வழுக்கினால், நல்ல தரையில் இருக்கும் மற்ற சக்கரமும் உருளத் தொடங்கும். திருஷ்டி கழிக்கிறேன் என்று உடைத்த காய்தான் அங்கே பிரேக்கைக் கழிக்கிறது. உடைத்தவரே கூட்டி அள்ளிவிட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. கைப்பிடிக்குப் பூ சுற்றும்போது விரல் லிவர் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிவர் நடுவில் இல்லாமல் சாய்ந்திருந்தால் சாவி போட்டாலும் கன்ட்ரோலர் கிளம்ப மறுக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் வந்து பூவை எடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போன வீடு எனக்குத் தெரியும். எங்கள் வீடுதான்.

பராமரிப்பில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பிரேக் கீச்சிடுகிறது என்று அந்த டப்பா பக்கம் எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். தேய்ந்த லைனிங் வண்டியை ஓடவிடாது என்றேன். எண்ணெய் பட்ட லைனிங்கோ வண்டியை ஓடவும் விடும், சரிவில் வழுக்கவும் விடும். ஸ்பிரிங்கின் அத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒரு பிசுக்கில் போய்விடும். பைப் வைத்துத் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

மற்றபடி, காரீய அமில பேட்டரி பட்டினி தாங்காது. காலியாக விட்டு வைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சார்ஜ் ஏற்றி வையுங்கள், காற்றோட்டமான இடத்தில். லித்தியம் என்றால் அதனுடன் வந்த சார்ஜர் மட்டும், வாசலை மறிக்காத இடத்தில். இறக்கத்தில் போனால் பேட்டரி ஏறும்தானே என்று கேட்பவர்களுக்கு: 120 கிலோ 10 மீட்டர் இறங்கினால் கிடைப்பது அதிகபட்சம் 3.3 வாட் மணி. சின்ன பேட்டரிகூட 288 வாட் மணி. கணக்கு உங்களிடமே. ஏறி உட்காரும்போதும் இறங்கும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்து எழும்போது விரல் லிவரில் பட்டு வண்டி துள்ளுவதுதான் வீட்டுக்குள் நடக்கும் விபத்து. ஹம்ப்பை நேராக ஏறுங்கள், சாய்வாக வேண்டாம். மூன்று சக்கரம் ஒரு முக்கோணம், உடல் எடை அந்த முக்கோணத்துக்கு வெளியே போனால் கவிழும்.

இந்த வகை ஸ்கூட்டர் 1968-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்தது. நம் நாட்டிலும் ஊனமுற்றோருக்கான கருவிகள் செய்ய 1972-ல் கான்பூரில் அலிம்கோ தொடங்கப்பட்டது. சக்கர நாற்காலியோடு மாட்டி ஓட்டும் நியோபோல்ட் சென்னை ஐஐடியில் உருவானது, நம் மேடு பள்ளத்தைத் தெரிந்துகொண்டு செய்தது. இப்படி இன்னும் பத்து வேண்டும். ராக்கெட்டுக்குச் செலவழிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, இஸ்ரோ தலைமையகம் இருக்கும் ஊர்க்காரன் நான். ஆனால் அதே ஊரில் அல்சூர் ஏரிக்கரை வரை ஒரு அம்மா தனியாகப் போய்வரும் வண்டியையும் பாதையையும் ஆராய்வதற்குக் காசு கேட்டால், அது தர்ம காரியம் என்று நன்கொடை ரசீது நீட்டுகிறார்கள். அது பொறியியல் ஐயா!

வாசகிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். போனில் மட்டம் பார்க்கும் ஆப்பை வைத்து அந்தச் சரிவை அளக்கச் சொன்னேன். மேலே கணக்குப் போட்ட 12-க்கு 1 என்பது சக்கர நாற்காலிக்கான சரிவு, 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அவர் பேஸ்மென்ட்டில் வந்தது 7 டிகிரி. கார்களுக்காகப் போட்ட சரிவு அது, அம்மாவுக்காகப் போட்டதல்ல. வண்டியின் கையேட்டில் எழுதியிருந்த வரம்பு 6.

இப்போது ஸ்கூட்டரைத் தரைத்தளத்தில் நிறுத்துகிறார்கள். அம்மா லிஃப்டில் இறங்கி வருகிறார். "அது பாதுகாப்புதானே, கரண்ட் போனால்?" என்று கேட்டாராம். லிஃப்ட் மோட்டாரிலும் இருப்பது ஸ்பிரிங் பிடித்து கரண்ட் விடுவிக்கும் அதே பிரேக்தான், அளவு மட்டும் பெரிது. கதவு மூடியதும் 'டக்' என்று கேட்கிறதா என்று அம்மாவைக் காது கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.