சால்மோனெல்லா: தடுப்பூசியா, தடுப்பு மருந்தா?

தடுப்பு, ஊசி என்ற இரண்டும் புணர்ந்து, உகரம் கெட்டு, தடுப்பூசி ஆனது. சொல்ல எளிது, கேட்டவுடன் பொருள் விளங்கும். ஆனால் டைபாய்டு உள்ளிட்ட நோய்களை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்துகளைப் பற்றி எழுத உட்காரும்போது இந்த நல்ல சொல் காலை இடறுகிறது. டைபாய்டு வராமல் காக்க விழுங்கும் கேப்சூல் ஒன்று 2024 வரை தயாரிக்கப்பட்டது. கோழிக்குஞ்சுகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுக்கும் மருந்தும் உண்டு. இரண்டிலும் ஊசி இல்லை. ‘வாய்வழித் தடுப்பூசி’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் எழும் படம் தவறான படமாகவே இருக்கும்.

முதலில் சால்மோனெல்லா என்ற பெயர். சால்மன் மீனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. டேனியல் எல்மர் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரோடு இலத்தீன் விகுதி சேர்ந்து உருவான சொல் இது. அவர் தலைமையில் இயங்கிய அரசு ஆய்வுக்கூடத்தில், 1885இல், நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. அந்த உழைப்பு தியோபால்டு ஸ்மித் என்ற இளம் ஆய்வாளருடையது. 1900இல் ஜோசப் லினியேர் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டபோது தலைவரின் பெயரே நிலைத்தது. ஸ்மித்தின் பெயரும் இதில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெயரிலேயே ஒரு பிழையும் உறைந்திருக்கிறது. பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற காய்ச்சலுக்கு இந்த பாக்டீரியாதான் காரணம் என்று அன்று நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உண்மைக் குற்றவாளி ஒரு வைரஸ் என்று தெரியவந்தது. ஆனாலும் அந்த வகையின் பெயர் இன்றுவரை ‘கொலரேசூயிஸ்’, அதாவது பன்றிக் காலராவுக்கு உரியது. அந்த பாக்டீரியா உண்டாக்குவது காலராவும் அல்ல, அந்தப் பன்றிக் காய்ச்சலும் அல்ல. இத்தகைய பெயர்களைத் தமிழாக்க முயலக் கூடாது. பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுவோம். பேரினப் பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.

அந்தத் தவறான நம்பிக்கையிலிருந்து ஒரு பெரிய உண்மை பிறந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1886இல் சால்மனும் ஸ்மித்தும் அதே பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொன்று, அதைப் புறாக்களுக்குச் செலுத்தினார்கள். பிறகு உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்தியபோது அந்தப் புறாக்கள் தாக்குப்பிடித்தன. உயிருள்ள கிருமிதான் வேண்டும் என்பதில்லை, செத்த கிருமியும் உடலுக்குப் பாடம் கற்பிக்கும் என்று காட்டிய முதல் சோதனைகளில் இது ஒன்று. சால்மோனெல்லா என்று பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே அதற்கு எதிரான தடுப்பாய்வு தொடங்கிவிட்டது.

இனி ‘வாக்சின்’. இலத்தீனில் வாக்கா என்றால் பசு. 1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். அதனால் பசுவுக்கு உரியது என்ற பொருளில் அந்தச் சொல் வந்தது. 1881இல் லூயி பாஸ்டர், ஜென்னரைப் போற்றும் விதமாக, எல்லா நோய்களுக்கும் எதிரான இத்தகைய மருந்துகளுக்கு அதே சொல்லை விரித்து வழங்கலாம் என்று முன்மொழிந்தார். அதே ஆண்டில் அவர் ஆடுகளை ஆந்த்ராக்ஸ் நோயிலிருந்து காத்துக் காட்டியிருந்தார்.

தமிழிலும் இதே பாதைதான். பழைய வழக்கு ‘அம்மை குத்துதல்’. உள்ளே செலுத்திய பொருள் ‘அம்மைப்பால்’. பெரியம்மையைத் தாண்டிப் பிற நோய்களுக்கும் மருந்துகள் வந்தபின் அம்மை உதிர்ந்து, குத்துதல் மட்டும் தங்கி, ஊசியாக உருமாறித் தடுப்பூசிக்குள் குடியேறியது. ஐரோப்பிய மொழிகள் மருந்து வந்த விலங்கை நினைவில் வைத்தன, தமிழ் மருந்து செலுத்திய கருவியை நினைவில் வைத்தது. அம்மை காலத்தில் அது சரியாகவே பொருந்தியது.

மக்கள் வழக்கு இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. போலியோவுக்கு வாயில் விடுவதை யாரும் போலியோ தடுப்பூசி என்று அழைக்கவில்லை. சொட்டு மருந்து என்றார்கள், அதுவே நிலைத்தது. கருவி மாறியபோது சொல்லும் மாறியது. எழுதுகிறவர்களாகிய நாம்தான் அகராதியைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பொதுச்சொல்லாகத் ‘தடுப்பு மருந்து’ என்பதையும், ஊசி வழியே செல்வதற்கு மட்டும் ‘தடுப்பூசி’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘ஏற்றுதல்’ என்ற வினையும் நல்லது. அது எந்த வழியையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு மறுப்புக்கு இடமுண்டு. நோய் வராமலிருக்க முன்கூட்டியே உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையையும் தடுப்பு மருந்து என்று சொல்லிவிட முடியும். இந்த மறுப்பை நான் எளிதாக ஒதுக்கவில்லை. டைபாய்டு கேப்சூலுக்குள் இருந்தது உயிருள்ள பாக்டீரியா. அதை உட்கொள்ளும் நாட்களில் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தால், தடுப்பு மருந்தே செத்துப் பயனற்றுப்போகும். ஆகவே முதல்முறை வரும் இடத்தில் ‘நோயெதிர்ப்பைத் தூண்டும் தடுப்பு மருந்து’ என்று முழுமையாக எழுதிவிட்டு, பின்னர் சுருக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

அந்தக் கேப்சூலின் பெயர் டிஒய்21ஏ. 1970களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவாக்கப்பட்டது. மரபணு மாற்றங்களால் நோயுண்டாக்கும் திறனை இழந்த டைபாய்டு பாக்டீரியாதான் அது. இரைப்பை அமிலத்தில் அழியாமல் குடலை அடைவதற்காக அதற்கு மேலுறை இருந்தது. விழுங்கத் தெரியாத சிறு குழந்தைக்கு அது உதவவில்லை.

டைபாய்டு என்ற சொல்லுக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. கிரேக்கத்தில் டைஃபோஸ் என்றால் புகை, மங்கிய அறிவு. கடுங்காய்ச்சலில் நோயாளி நினைவு மங்கிக் கிடப்பதால் வந்த பெயர் டைபஸ். அதைப் போன்றது என்பதே டைபாய்டு. இரண்டும் வெவ்வேறு நோய்கள். தமிழில் ‘குடற்காய்ச்சல்’ என்பது அழகான, துல்லியமான சொல். ஆனால் அது டைபாய்டையும், சால்மோனெல்லாவின் வேறு வகைகளால் வரும், அதையொத்த பாராடைபாய்டையும் சேர்த்தே குறிக்கும். தடுப்பு மருந்து பற்றிய கட்டுரையில் இந்த வேறுபாடு உயிரானது. இன்றைய டைபாய்டு தடுப்பூசிகள் பலவும் குறிவைப்பது பாக்டீரியாவின் மேலுள்ள ‘வி’ என்ற சர்க்கரைப் போர்வையை. 1934இல் ஃபெலிக்ஸ், பிட் என்ற ஆய்வாளர்கள் நோய்க்கடுமையைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லின் முதலெழுத்துகளால் அதற்குப் பெயரிட்டார்கள். பாராடைபாய்டு ஏ வகையில் அந்தப் போர்வையே கிடையாது. ‘குடற்காய்ச்சல் தடுப்பூசி’ என்று எழுதினால், தராத பாதுகாப்பைத் தருவதாகச் சொன்னதாகும்.

வெறும் வி சர்க்கரையை ஊசியில் செலுத்தினால் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளின் உடல் அதைச் சரிவரக் கற்றுக்கொள்வதில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்தபோதுதான் கதவு திறந்தது. தமிழில் ‘இணைப்புத் தடுப்பூசி’ என்கிறோம். ‘புரதம் பிணைத்த தடுப்பூசி’ என்றால் இன்னும் தெளிவு. நேபாளம், மலாவி, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனைகளில் அது சுமார் 80 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு பரவிய பாகிஸ்தான், 2019இல் உலகிலேயே முதல் நாடாக அதைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

விலங்குகளின் பக்கம் வந்தால் சொற்குழப்பம் பணச்சேதமாகவே முடியும். குஞ்சுகளைக் கொல்லும் புல்லோரம் நோய் சால்மோனெல்லாவால் வருவது. ஆங்கிலத்தில் அதற்கு வெள்ளைக் கழிச்சல் என்று பொருள்படும் பழைய பெயர் ஒன்று உண்டு. அதை அப்படியே மொழிபெயர்த்துவிடாதீர்கள். தமிழில் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட், அது வைரஸ் நோய், அதற்கான தடுப்பு மருந்து முற்றிலும் வேறு. புல்லோரம் என்றே எழுதுங்கள். அதன் நெருங்கிய உறவான கோழி டைபாய்டுக்கு 1950களில் பிரிட்டனில் உருவான 9ஆர் என்ற உயிருள்ள மருந்து ஊசியாகவே போடப்படுகிறது. அதைத் தடுப்பூசி என்பதில் தடையில்லை.

விலங்குக்குக் கொடுத்து மனிதனைக் காக்கும் வழியும் இருக்கிறது. சால்மோனெல்லாவின் என்டெரிடிடிஸ் வகை கோழிக்கு அதிகத் துன்பம் தராமலேயே சினைப்பை வழியாக முட்டைக்குள் நுழைந்துவிடும். 1988இல் பிரிட்டனில் முட்டை பற்றிய பெரும் அச்சம் எழுந்து, சுகாதாரத் துறையின் இளநிலை அமைச்சர் எட்வினா கரி பதவி விலக நேர்ந்தது. 1998 முதல், முட்டைகளுக்குத் தர முத்திரை வழங்கும் சிங்க முத்திரைத் திட்டத்தின் கீழ் முட்டைக்கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கட்டாயமானது. பண்ணைத் தூய்மையும் கண்காணிப்பும் சேர்ந்துகொள்ள, மனித நோயாளிகள் வெகுவாகக் குறைந்தார்கள். அந்த முத்திரையுள்ள முட்டைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காடாகவும் உண்ணலாம் என்று 2017இல் அந்நாட்டு உணவுத்தர அமைப்பு அறிவித்தது.

எல்லா வகைக்கும் ஒரே மருந்து இல்லையா என்று கேட்கலாம். செரோவார் எனப்படும் உள்வகைகள் 2,500க்கும் மேல். ஒன்றின் மேற்பரப்பைக் கற்ற உடல் மற்றொன்றை அடையாளம் காணாமல் போகலாம். போதாக்குறைக்கு, இந்த பாக்டீரியா நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழும். அங்கே இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் பொருள்கள் மட்டும் போதா.

ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே, மலேரியாவாலும் ஊட்டக்குறைவாலும் நலிந்த குழந்தைகளின் இரத்தத்தில் டைஃபிமூரியம், என்டெரிடிடிஸ் வகைகள் புகுந்து உயிரைப் பறிக்கின்றன. மனிதருக்கென அங்கீகரிக்கப்பட்ட தடுப்பு மருந்து இவற்றுக்கு இன்னும் இல்லை. இவ்விரண்டையும் டைபாய்டையும் ஒன்றாகத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசிகள் மனிதச் சோதனைகளில் இருக்கின்றன. இந்த நோயைச் செய்திகள் சில நேரம் ‘உணவு நச்சு’ என்று எழுதுகின்றன. இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் ஒரு குழந்தையின் இரத்தத்தில் பரவும் தொற்றும் ஒன்றாகிவிடாது. ‘குருதிப் பரவல் சால்மோனெல்லா’ என்றே நான் எழுதுகிறேன்.