மாலை கழற்றிய மறுநாள்

தை மாதம் முடிவதற்குள் எங்கள் மனநலப் பிரிவில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். இந்த வருடம் ஒரே குடும்பம் மூன்றாவது முறையாக அதைக் கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாலை போட்டா 48 நாள் குடியத் தொட மாட்டான் சார். கழட்டுன ராத்திரியே கடைக்குப் போயிடுறான். அப்போ இது வியாதியா, திமிரா?"

கேட்டது அண்ணன். தம்பி லாரிப் பட்டறை மெக்கானிக். மூன்று வாரமாக விடாமல் குடித்தவரை வீட்டில் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மறுநாள் வலிப்பு. புருவத்துக்கு மேல் நாலு தையலோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

திமிர் என்கிறீர்களே, அந்த 48 நாளும் வீட்டில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் குளியல். செருப்பில்லாத கால். மனைவி தனியாகச் சமைக்கிறார். முன்பு கடைக்குப் போன அதே சாயங்கால நேரத்தில் பஜனை. குருசாமியின் கண் எப்போதும் மேலே இருக்கிறது. பழைய கூட்டாளிகள் எதிரே வந்தால் கும்பிட்டு ஒதுங்குகிறார்கள். நேற்றுவரை 'டேய்' என்ற தெரு 'சாமி' என்கிறது. கறுப்பு வேட்டியோடு டாஸ்மாக் படி ஏற யார் விடுவார்கள்? மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் காலி. பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டு, கொடி ஏன் தரையில் கிடக்கிறது என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

சிகிச்சை என்று நாங்கள் செய்வதில் பாதி அந்தப் பந்தலைத் திரும்பப் போடும் வேலைதான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமும் அப்படித்தான்; குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் அது. ஆயுளுக்குச் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்கிறார்கள். கட்டணம் கிடையாது. அங்கே ஸ்பான்சர் என்று ஒருவர் இருப்பார். கிட்டத்தட்ட குருசாமி, வருடம் முழுவதும்.

அடுத்தது தூக்கம். குடியை விட்ட முதல் வாரங்களில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது தானாகத் தணியும். தணியாவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து, "குடியத்தான் விட்டாச்சே, பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறீர்கள். தம்பியைத் தனியாக விசாரித்தேன். மாலை போட்டிருந்த நாளெல்லாம் ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கேளுங்கள், தயவுசெய்து. தூங்கினாயா என்று கேளுங்கள். முகம் செத்துப்போய் இருந்தால், சாகலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ராத்திரி எந்த நேரமானாலும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் மாலை போடுவதாக இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேசினால் சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசிக்கொண்டு நிற்காதீர்கள். உயிர் போகிற கட்டம் அது. வைட்டமின் பி1 ஊசியும் உடனடிச் சிகிச்சையும் வேண்டும்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் குழம்பில் ரகசியமாகக் கலக்கக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் எழுதித் தர மாட்டேன். தெரியாமல் தின்றுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போகலாம். கெஞ்சாதீர்கள். பசிக்காக அரிஷ்டம் வாங்கிக் கொடுப்பதையும் விடுங்கள், அதிலும் ஆல்கஹால் இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை தம்பியோடு இருக்க வேண்டும். "மூணு மணி நேரம் என்ன சார் பேசுறது?" என்றார். பேச வேண்டாம், கேரம் ஆடுங்கள் என்றேன். போன செவ்வாய் இருவரும் வந்திருந்தார்கள். தம்பி காயினை நகர்த்தி ஏமாற்றுகிறான் என்று அண்ணனுக்குப் புகார்.