பம்பிங் அறுபது, சரி. மேலறை எவ்வளவு?

தாராவியில் இட்லி அவித்து, சைக்கிளில் சயான், மாட்டுங்கா பக்கம் கொண்டுபோய் விற்பவர் அவர். நெல்லைக்காரர், வயது 58. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். கையில் ஆறு மாதம் முந்திய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்.

"பம்பிங் அறுபது பர்சென்ட்டாம் டாக்டரம்மா. ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

அறுபது நல்ல எண்தான். ஆனால் அது இடது கீழறையின் கணக்கு, ஒரு துடிப்பில் அது தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது. இடது மேலறைக்கு அந்த ரிப்போர்ட்டில் ஒரே வரி: 39 மி.மீ., நார்மல்.

இந்த ஒற்றை எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முன்பின்னாக ஒரு கோடு போட்டு எடுக்கும் அளவு அது. முன்னால் மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு. அந்தத் திசையில் மேலறை பெருக்க இடம் ஏது? மேலும் கீழும், பக்கவாட்டிலும்தான் பெருக்கும். அதனால் இரண்டு கோணங்களில் படம் பிடித்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு திறப்பதற்குச் சற்று முன், அறை முழுக்க நிறைந்திருக்கும் கணத்தில் ஓரத்தை வரைந்து கொள்ளளவு பார்க்க வேண்டும். அதை, உயரமும் எடையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 34 மி.லி. வரை சரி. அண்ணாச்சிக்கு 44 வந்தது. (எக்கோவுக்குப் போனால் இன்றைய எடையைச் சொல்லுங்கள். கல்யாணத்தப்போ இருந்த எடையைச் சொல்பவர்கள் நிறையப் பேர், வகுத்தலே தப்பிவிடும்.)

அப்புறம் விசாரித்தேன். 12 வருஷமாக பிரஷர். "தலை சுத்துனா மட்டும் மாத்திரை போடுவேன்" என்றார்.

பிரஷரில் கீழறைச் சுவர் தடித்து விறைத்துவிட்டால், அதற்குள் ரத்தத்தை அனுப்ப மேலறை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கீழறை நிறைவதில் சுமார் 20 முதல் 30 சதவீதம் மேலறையின் கடைசித் தள்ளலால் வருவது. வருஷக்கணக்கில் இப்படித் தள்ளினால் அது பெருத்துப்போகும். அன்றைக்கு அளந்த பிரஷர் அன்றைய கதையைத்தான் சொல்லும். மேலறை பழைய பாக்கி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும். சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் ஸ்ட்ரெய்ன் அளவு, அறை பெருக்கும் முன்பே குறையத் தொடங்குவதும் உண்டு. எல்லா மெஷினிலும் அந்த வசதி இருக்காது.

வேறு காரணங்களும் உண்டு: வாதக் காய்ச்சலில் சுருங்கிய மைட்ரல் வால்வு, உறக்கத்தில் மூச்சுத் தடை. நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு நோயில்லாமலேயே பெருத்திருக்கும்.

எனக்குப் பயம், தாளம் தப்புவதில்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் மேலறை தள்ளுவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும்; எக்கோவில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில், மேலறையின் தள்ளலைக் குறிக்கும் 'ஏ' அலையே காணாமல் போகும். காது மடல் போன்ற அதன் மூலையில் ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த மூலை நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் சரியாகத் தெரியாது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு, இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும் ஹோல்டரில் தாளம் சரியாகவே இருந்தது. மாத்திரை தினமும் போடுகிறார். ஒரு வருஷம் கழித்து எடுத்ததில் 42. "குறைஞ்சிருச்சா?" என்றார். அளக்கும் கையிலேயே அந்த இரண்டு மி.லி. கூடக்குறைய வரும் என்றேன். ஏறவில்லை, எனக்கு அது போதும்.