உடற்பயிற்சியா, உடல் இயக்கமா?

இதயநோய்த் தடுப்பு ஆய்வு வினாக்கொத்து எதைப் புரட்டினாலும், ஆங்கிலத்தின் physical activity இப்படித்தான் தமிழாகியிருக்கும்: "வாரத்தில் எத்தனை நாட்கள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "அதற்கெல்லாம் எங்கே தம்பி நேரம்?" என்பார். 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி விழும்.

பயில் என்பதிலிருந்து வந்தது பயிற்சி. திரும்பத் திரும்பச் செய்து பழகுதல். உடல்நலம் கருதித் திட்டமிட்டுச் செய்வதற்கு உடற்பயிற்சி பொருத்தமான சொல்தான். ஆனால் ஆய்வு அளக்க விரும்பும் physical activity அதனிலும் அகன்றது. 1985இல் கேஸ்பர்சனும் உடன் ஆய்வாளரும் தந்த வரையறைப்படி, வன்கூட்டுத் தசைகள் (எலும்போடு இணைந்த தசைகள்) உடலை அசைத்துச் சக்தியைச் செலவிடும் எதுவும் அதில் அடங்கும். 1953இல் ஜெரமி மொறிஸ் லண்டன் பஸ் ஊழியரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார். இரட்டைத்தட்டு பஸ்ஸில் படி ஏறி இறங்கிய நடத்துநரைவிட, இருந்தபடியே ஓட்டிய சாரதியருக்கே முடியுரு நாடி நோய் (இதயத்துக்கு இரத்தம் தரும் நாடிகளின் நோய்) அதிகம். அவர்களிடம் நம்மவர் 'உடற்பயிற்சி' என்று கேட்டிருந்தால் இரு சாராரும் ஒரே கட்டத்தில் விழுந்திருப்பார்கள். வேறுபாடு புலப்பட்டே இராது.

சிலர் 'உடற்செயற்பாடு' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு. சமிபாடும் உடற்செயற்பாடுதான், சுவாசமும் அப்படியே. கட்டிலில் கிடப்பவருக்கும் அது குறைவில்லை. அகராதியைத் திறந்து முதற்சொல்லை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். 'உடலுழைப்பு' இதைவிடத் தமிழாக ஒலிக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் உழைப்பு என்றால் சம்பாத்தியம். எவ்வளவு உழைப்பு என்று கேட்டால் சம்பளத்தை விசாரிக்கிறார்கள் என்று முகம் சுளிப்பார்கள். நல்லூர்க் கோயிலில் உருண்டு பிரதட்டை பண்ணுவதை உழைப்பு என்று யார் சொல்வார்?

உடல் இயக்கம் என்பதே என் தெரிவு. இயக்கம் என்றதும் எங்கள் ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கங்களின் நினைவு வரும். முன்னால் உடல் இருக்கிறது, குழப்பம் வராது.

கருவியால் அளந்தால் சொல் எதற்கு என்பாரும் உண்டு. அசைவை அளக்க இடுப்பில் கட்டும் ஆர்முடுகல்மானி (accelerometer) சைக்கிள் மிதிப்பை அரைகுறையாகவே பிடிக்கும். சைக்கிள் ஊரில் அதை மட்டும் நம்பிப் பயனில்லை. (இதையும் முடுக்கமானி என்று எழுதுகிறார்கள், ஆர்முடுகல் என்று பள்ளியில் படித்தது மறந்துவிட்டது போலும்.) கேட்டுத்தான் ஆகவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வினாக்கொத்து வேலை, பயணம், பொழுதுபோக்கு என்று பிரித்தே கேட்கிறது. அதன் தலைப்பில் 'உடற்பயிற்சி' என்று எழுதி, அந்தப் பிரிப்பை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் கெடுத்துவிடுகிறார்.